கவரை ஒட்டி அனுப்பவும்

திருவாலங்காடு
12-7-1972

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு,

சின்னதுரையின் அம்மா ஜானகி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் கொடுத்த மருந்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நீங்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு இன்னும் இறங்கவில்லை. பேர் சொன்னால் திரும்புவானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவானா, மற்ற பிள்ளைகளோடு சேருவானா என்றெல்லாம் காய்ச்சலுக்கு வந்தவளிடம் எதற்குக் கேட்டீர்கள்? நாலு வயதில் பேசாத பிள்ளை ஊரில் இவன் ஒருவன்தானா?

என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. அவருடைய அண்ணன் அரசப்பன் உங்களிடம் வந்து ஏதாவது சொல்லிவைத்தாரா? மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜானகியம்மாள்

திருவள்ளூர்
17-7-1972

அன்புள்ள ஜானகியம்மாளுக்கு,

யாரும் எதுவும் சொல்லவில்லை. ரயில் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு ஓடியவன், நீங்கள் எத்தனை தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. காது நன்றாகவே கேட்கிறது. மருந்து பாட்டில் மூடியை விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தான். உங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இது ஆட்டிசமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பைத்தியம் அல்ல. நீங்கள் கொஞ்சாததால் வந்ததும் அல்ல; அப்படி எழுதும் புத்தகங்களை நான் நம்புவதில்லை. இப்போதே தொடங்கினால் நிறையக் கற்றுக்கொள்வான். அவனுக்கு எதில் ஆசை? புதன்கிழமைதோறும் அழைத்து வாருங்கள். பணம் வேண்டாம்.

அன்புடன்,
டாக்டர் சாராள்

திருவாலங்காடு
23-7-1972

டாக்டரம்மாவுக்கு,

இதையெல்லாம் கார்டிலா எழுதுவது? தபால்காரர் மோசஸ் படித்துவிட்டு, தெருவுக்கும் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள்: "இன்னாத்துக்கு அந்த டாக்டரம்மா உன்னையே கூப்டுக்கினு கீறாங்க? கீப்பாக்கத்துல தள்ளத்தான். இதுகூடத் தெரிலியா?" கீழ்ப்பாக்கத்தில் இருப்பது பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று எனக்கும் தெரியும். பணம் வேண்டாம் என்கிறீர்களே, அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நடவு நேரம், வர முடியாது. அவனுக்கு ஆசை என்றால் எங்கள் மோட்டார் கொட்டாய்தான். குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் சோற்றை மறந்துவிடுவான். கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். அந்த நோயின் பேரை இனி எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள்.

ஜானகியம்மாள்

திருவள்ளூர்
29-7-1972

அன்புள்ள ஜானகியம்மாளுக்கு,

கார்டில் எழுதியது என் தப்பு. இது கவரில் வருகிறது.

தண்ணீர் ஓடும்போது மோட்டாரை நிறுத்துங்கள். அவன் எதிரில் குந்துங்கள். கூப்பிடாதீர்கள், முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். உங்கள் கையை இழுத்து சுவிட்சில் வைப்பான். உடனே போடாமல் காத்திருங்கள். உங்களைப் பார்த்தால் 'தண்ணி' என்று ஒரே சொல் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் உங்கள் அக்கா லட்சுமியம்மாள் வந்திருந்தார். நீங்கள் நடவில் இருப்பதால் அனுப்பியதாகச் சொன்னார். பிள்ளையை நினைத்து அழுதார். எல்லாம் விளக்கினேன். அந்தப் பேர் மறந்துபோகும் என்றதால் சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். இப்படி ஓர் அக்கா இருப்பது உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அன்புடன்,
சாராள்

திருவாலங்காடு
8-8-1972

டாக்டரம்மாவுக்கு,

எனக்கு அக்காவே கிடையாது. உங்களிடம் வந்து அழுதவள் அரசப்பனின் சம்சாரம். உங்கள் சீட்டை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து, "புத்தி சரியில்லாத புள்ளைக்கு எதுக்குப் பங்கு? சோறு போட்டா பத்தாதா?" என்று அரசப்பன் கேட்டார். நான் எல்லாரையும் சந்தேகப்படுகிறேன் என்பார்கள். நீங்கள் ஒருவரைக்கூடச் சந்தேகப்படவில்லையே.

திருவள்ளூர் கோர்ட்டில் வக்கீல் பாஷ்யத்தைப் பார்த்துவிட்டேன். அந்தப் பேருக்குப் பைத்தியம் என்று அர்த்தமில்லை என்று நீங்கள் ஜட்ஜ் முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொல்லும்வரை பிள்ளையை உங்களிடம் அழைத்து வரமாட்டேன்.

நேற்று மோட்டாரை நிறுத்தினேன். நீங்கள் எழுதியபடியே என் கையை இழுத்து சுவிட்சில் வைத்தான். நான் அசையவில்லை. கத்தினான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காதுக் கம்மல் வெயிலில் மின்னியதைப் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடி நிறுத்தினேன். மறுபடியும் பார்த்தான். 'தண்ணி' என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. அழுதுவிட்டேன்.

பார்த்த பிறகு அடுத்தது என்ன செய்ய வேண்டும்? அதை உடனே எழுதுங்கள். கவரை நன்றாக ஒட்டி அனுப்புங்கள்.

ஜானகி