கடைசிப் பெட்டி

நேற்று மருமகள் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுக் கைப்பேசியோடு உட்கார்ந்தாள். சோறு அடிபிடித்து வீடே நாறுகிறது, அவளுக்கு மூக்கே இல்லை. "எந்த நாசமாப் போனவன் இதக் கண்டுபிடிச்சான், பெட்டி மறுபடி மாட்டிக்கிச்சு!" என்று கத்தினாள். திட்டலாமென்று போய் எட்டிப் பார்த்தேன். அதே விளையாட்டு. ஒரு குட்டி ஆள், சில பெட்டிகள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ செத்துப்போனதாகக் கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. அன்றைக்குக்கூட நான் இப்படி உட்காரவில்லை.

குவைத்துக்கு வேலைக்குப் போன என் தங்கச்சி அனுப்பிய வீடியோ கேம் அது. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். அந்த ஆள் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி அதனதன் கட்டத்தில் சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஒரு பெட்டி சுவரோடு ஒட்டிவிட்டால் தீர்ந்தது கதை, முதல் அறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மொத்தம் பத்து அறை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்த நாம் இரண்டு பேரும் அதனிடம் பட்ட பாடு! கொழுந்துக் கூடைக்குள் ஒளித்து மலைக்கே கொண்டுபோனோம். ஒருநாள் கொழுந்து நிறுக்கும்போது அது சாக்கில் விழுந்துவிட்டது. கங்காணி எடுத்துப் பார்த்து, "இது எந்தச் செடியில காய்ச்சுச்சு?" என்று கேட்டாரே! நீ சிரிப்பை அடக்க இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்தச் சிரிப்பெல்லாம் உன் வீட்டுக்காரருக்கு இந்தியா பாஸ்போட்டு வரும்வரைதான். உன் மாமனார் எப்போதோ எழுதிப்போட்ட மனு. இந்தியாவுக்குக் கப்பலேறக் கொண்டுபோகிற ரயிலுக்கு, அந்தக் கோச்சிக்கு, நாளும் குறித்தாகிவிட்டது. "எங்கம்மாவ இந்த மலையிலதான் பொதச்சிருக்கு. அங்க எனக்கு யாரு இருக்கா? நான் போகமாட்டேன் புள்ள" என்று அழுதாய். மாரியம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் போவது. நீயே எடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். சிவப்பு.

நீ அம்மனையே முறைத்தாய். "இத நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாய். முழுகாமல் இருக்கிறவள் பேசுகிற பேச்சா அது? பூ வேண்டாமென்று சொன்னதை மீறி நடந்து என் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். அது உனக்கும் தெரியும்.

அன்று மாலை உன் அழுகை பொறுக்காமல் உன் வீட்டுக்காரர் கேலியாகச் சொன்னார். "அந்தப் பத்து அறையையும் முடிச்சுக் காட்டு, போக வேணாம். பாஸ்போட்ட நானே திருப்பிக் குடுத்துர்றேன்." அவர் நாலாவது அறையைத் தாண்டாதவர். நீ அதைச் சத்தியமாகப் பிடித்துக்கொண்டாய். "சொன்னது சொன்னதுதான். நீங்க வாக்கு மாறுற ஆளு இல்ல." அவர் முகம் மாறியது. ஆனால் இல்லையென்று சொல்லவில்லை.

அதன்பிறகு உனக்கு இருந்தது ஒன்பது நாள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்திப் போய், வேலை கிடைக்காமல் திரும்பி வந்தாய். சோறு மறந்தாய். தகரப்பெட்டி காம்பரா நடுவில் ஒரு சேலைகூட மடித்து வைக்கப்படாமல் திறந்தே கிடந்தது. கட்டைவிரல் தோலுரிந்து துணி சுற்றிக்கொண்டு அழுத்தினாய். ஒன்பதாவது அறையில் தோற்றபோதெல்லாம் சுவரில் தலையை முட்டிக்கொண்டாய். உடனே அதையே மறுபடி எடுத்தாய். "ஒரே ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம்" என்று பைத்தியக்காரிபோல முணுமுணுத்தாய்.

மறுநாள் கோச்சி. அன்று பகல் பத்தாவது அறை வந்துவிட்டது. ஐந்து பெட்டிகள் கட்டத்தில். ஆறாவது ஒரு தள்ளு தூரத்தில். நீ விளையாட்டை என் மடியில் வைத்தாய்.

"நீ தள்ளு புள்ள. எனக்கு முடியல. ஒரே ஒரு அழுத்து. ரெண்டு அழுத்துனா சொவத்துல ஒட்டிக்கும், பாத்துக்க."

உன் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நான் உன் வயிற்றைப் பார்த்தேன். சிவப்புப் பூவை நினைத்தேன். அழுத்தினேன். பிறகு இன்னொரு தரம் அழுத்தினேன்.

நீ என்னை அடித்திருக்க வேண்டும். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "விடு புள்ள, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றாய். பதுளை ஸ்டேஷனில் கோச்சி நகரும்போதும் ஜன்னல் வழியாக அதையே சொன்னாய்.

நீ போன கொஞ்ச நாளில் கப்பலே நின்றுபோனது. பாஸ்போட்டும் கையுமாக இருந்தவர்கள் எத்தனையோ பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நீயும் தங்கியிருப்பாய். உன் முதல் கடிதம் மண்டபம் முகாமிலிருந்து வந்தது. பிள்ளை பிறந்து நாலே நாள்தான் இருந்தது என்று எழுதியிருந்தாய். எந்தப் பிள்ளைக்காக அழுத்தினேனோ அந்தப் பிள்ளை. அதற்குப் பிறகு நீ எழுதிய கடிதங்களில் எல்லாம் கடைசியில் ஒரு வரி இருக்கும்: கடைசி அறையை முடித்தாயா என்று. ஒன்றுக்குக்கூட நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவேன்?

நீ பிடித்துக்கொண்ட இந்தக் கையால்தான் இப்போது எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பதால்தான் எழுதவே துணிந்தேன், அவ்வளவு கோழை நான். ஜன்னல் வழியாக நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

ஆமாம் புள்ள. வேணும்னுதான் செஞ்சேன்.