காற்று குறைந்த சமன்பாடு

இராயபுரம்,
9-11-1953

அன்புள்ள ரஹீமுன்னிசா அக்காவுக்குத் தங்கை ஜெரினாவின் சலாம்.

இங்கே நாங்கள் நலம். பதுருன்னிசா அக்கா விட்டுப்போன பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. என் தாவணியைக் கடித்தே கந்தலாக்குகிறான். உன் பிரசவத்துக்காக அம்மா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு எண்ணூரில் படகேறிப் பழவேற்காடு வருகிறார். சுக்கு, பூண்டு, சாம்பிராணி, கணப்புச் சட்டி எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. அவர் வருமுன் இந்தக் கடிதம் உன்னிடம் வந்துசேர வேண்டும்.

போன வாரம் பள்ளியில் ரசாயன வகுப்பு. கரி எரிவதைச் சமன்பாடாக எழுதச் சொன்னார் டீச்சர். இடப்பக்கம் எத்தனை அணுக்களோ வலப்பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். காற்று தாராளமாக இருந்தால் சிரமமில்லை. ஒரு கரி அணுவும் ஒரு ஜோடிப் பிராணவாயுவும் சேர்ந்து கரியமில வாயு ஆகிவிடும். காற்று குறைந்தால் ஒவ்வொரு கரிக்கும் ஒற்றைப் பிராணவாயுதான் கிடைக்கும். அப்போது இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. நான் பெரிய கெட்டிக்காரி போல வலப்பக்கத்துப் பிராணவாயுவின் அடியில் சின்னதாக ஓர் இரண்டைப் போட்டுச் சரிக்கட்டினேன். டீச்சர் அதை அடித்துவிட்டார். அடியில் கை வைத்தால் பொருளே மாறிப்போகும், எண்ணை முன்னால்தான் போட வேண்டும் என்றார். வாயுவுக்கு முன்னால் இரண்டு போட்டேன். இப்போது கரி குறைந்தது. கரிக்கு முன்னாலும் இரண்டு போட்டதும் சமன் ஆனது.

பிறகு, காற்று குறைந்தால் உண்டாகும் அந்த வாயுவைப் பற்றிச் சொன்னார். நிறமில்லை, வாசனையில்லை. அடைத்த அறையில் கரிக் கணப்பு மூட்டிக்கொண்டு தூங்கினால் எழுந்திருக்கவே மாட்டார்கள், உதடு மட்டும் செக்கச் செவேலென்று இருக்கும் என்றார்.

போன மழைக்காலத்தில் பதுருன்னிசா அக்காவின் உதடு எப்படி இருந்தது என்று நீயும்தான் பார்த்தாய். பிள்ளை பெத்த ஒடம்போட போனவ ஷஹீது, நேரா சொர்க்கந்தான், மூஞ்சில அல்லாவோட நூரு எறங்கிகீது பாரு என்று குளிப்பாட்ட வந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஒளியை நம்பித்தான் அம்மா இன்றுவரை சோறு உண்கிறார். அன்று பிள்ளை கூடத்தில் அத்தாவின் மடியில் இருந்தது. அறையில் அக்காவும் கணப்பும் மட்டுமே. கடற்காற்று புகாமல் சன்னல் இடுக்கிலெல்லாம் துணி திணித்தது அம்மா.

உன் அறையில் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி நேற்று அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். பச்ச ஒடம்புல காத்து பூந்தா ஜன்னி கண்டுடும், ரெண்டு எழுத்து படிச்சிக்கினு எனக்கே சொல்ல வந்துட்டியா என்று சீறினார். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவர் உயிரோடு இருக்கமாட்டார்.

ஆகவே அக்கா, நீதான் அடம் பிடிக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று அழு. மச்சான் சொன்னார் என்று பழியை அவர்மேல் போடு. என்ன திட்டினாலும் சரி, கணப்பு இருக்கும்வரை சன்னலை மூட விடாதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். அம்மா வந்ததும் அவர் கையைப் பிடித்து என் சார்பில் ஒரு முத்தம் கொடு. போன வாரத்திலிருந்து என்னால் அது முடியவில்லை.

உன் தங்கை,
ஜெரினா