வளைவில் ஒற்றை மணி

11 ஆகஸ்ட் 2007, சனி. கடலூர்

பால் வாங்கி வந்த பக்கத்து வீட்டு லோகநாயகி வாசலிலேயே ஆரம்பித்தாள். "டீச்சரம்மா, அந்தச் சிதம்பரத்து சாரு ஒங்களுக்கு சைக்கிள் கத்துக்குடுத்து, ஃபாரினுக்கும் கூட்டினு போறாராமே? தெருவே பேசுது."

இரண்டும் தவறு. நான் கான்வென்ட் மைதானத்தில் பாவாடை தாவணியோடு சைக்கிள் கற்றவள். சிவசுப்ரமணியன் சாருக்குக் கற்றுக்கொடுத்தது நான். நில அளவைத் துறையில் ஆயுள் முழுவதும் சங்கிலி இழுத்து நடந்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு என் காம்பவுண்டுத் தகராறில் அளந்து தர வந்தார். அறுபது வயது தாண்டியவருக்கு சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது இந்தக் கைதான். பிரான்சுக்கு அழைத்துப் போவதும் நான். அங்கே இருப்பவள் என் அண்ணன் மகள் பெலிசியா. பேன்ட் போட்டு ஓட்டுகிறேன் என்று தெருவில் சொல்வதும் பொய். புடவைதான். கொசுவத்துக்கு இரண்டு ஊக்கு, முந்தானைக்கு ஒன்று.

மற்றபடி அவர்கள் என்ன நினைக்கிறார்களோ அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் வீட்டுக்காரர் ஞானராஜ் உயிரோடு இருந்தால் சிரித்திருப்பார்.

சனிக்கிழமை வழக்கப்படி சார் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். என் ஷெட்டிலிருந்து தன் சைக்கிளை எடுத்துக்கொண்டார். கேப்பர் மலை, முந்திரித் தோப்புப் பாதை. அங்கே வளைவுக்கு அப்பால் எது வருகிறதென்று தெரியாது. அதற்காக நான் போட்ட விதி: முன்னால் போகிறவர் வளைவு தாண்டியதும் ஒற்றை மணி அடிக்க வேண்டும். பின்னால் வருகிறவர் பதிலுக்கு ஒற்றை மணி. பதில் வராவிட்டால் முன்னால் போனவர் திரும்பி வர வேண்டும்.

இன்று ஊக்கு கழன்று நின்றுவிட்டேன். மணி அடிக்க மறந்தது. அந்த ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "மணி வரல டீச்சர். விழுந்துட்டீங்களோன்னு…"

நன்றாகத் திட்டினேன், ஏன் இவ்வளவு வேகமாக வந்தீர்கள் என்று.

19 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் பிறகு வரைபடம் பார்த்தோம். க்ளூனி. எங்கள் கான்வென்ட் கன்னியர் சபையின் பெயரில் இருக்கும் பிரெஞ்சு ஊர். மதர் அந்தப் பெயரைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். அங்கே பழைய ரயில் பாதையில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்களாம். இரண்டு பக்கமும் திராட்சைக் குன்றுகள். சார் சொன்னார்: "அகலப் பாதை போடறேன்னு நம்ம லைனையும்தான் புடுங்கிப் போட்டிருக்கான். அப்பிடியே சைக்கிளுக்கு உட்டான்னா, நான் சிதம்பரத்துலேர்ந்து நேரா ஒங்க வாசல்ல வந்து எறங்கிடுவேன்."

7 செப்டம்பர், வெள்ளி. க்ளூனி

சிலுவை வடிவில் கட்டிய மடத்துக் கோயிலில் மிஞ்சியிருப்பது ஒரு கைதான். மீதிக் கல்லையெல்லாம் ஊர்க்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டினார்களாம். இல்லாத சுவர்கள் எங்கே ஓடின என்று சார் காலடியால் அளந்து காட்டினார். கற்பனையில் அத்தனை பெரிய கோயில் எழும்பியது.  நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

மாலையில் குன்று வழியே சைக்கிள். கொத்துக் கொத்தாகத் திராட்சை அறுத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாது, கத்திரிச் செடி ஒசரந்தான் இருக்குது! பந்தலே இல்லியா?" என்று சார் இறங்கி நின்றுவிட்டார். அறுப்புக்காரர் எங்களை அழைத்து ஒயின் கொடுத்தார். சார் முகர்ந்து மட்டும் பார்த்தார். "எங்க ஊட்டுப் பானகம் இதவிட நல்லாருக்கும்." நான் அரைக் கிளாஸ் குடித்தேன். புளிப்பு. முகம் சுளிக்கவில்லை.

8 செப்டம்பர், சனி. மாதா பிறந்தநாள்

பழைய ரயில் சுரங்கப் பாதை வழியாகப் போனோம். நீளமானது, குளிரானது. சார் முன்னால். நடுவில் அவருடைய விளக்கு அணைந்து போயிற்று. ஒற்றை மணி கேட்டது. நான் பதில் அடித்தேன். பிறகு இருட்டில், "மேரி" என்றார்.

டீச்சர் என்று இல்லை. மேரி.

சுரங்கம் முழுக்க என் பெயர் போய்த் திரும்பி வந்தது.  இன்னொரு முறை மணி அடித்தேன். வெளியே வந்ததும் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

10 செப்டம்பர், திங்கள்

ஓயாத மழை. பிரான்சியோன் கோட்டைக் குன்று பாக்கி நின்றுவிட்டது. பாதியில் விட்டது எதுவும் எனக்குப் பிடிக்காது. "மீதி அடுத்த வருஷம். கோட்ட எங்கியும் போயிடாது டீச்சர்" என்றார்.

29 டிசம்பர், சனி. கடலூர்

வரவில்லை. ஆருத்ரா தரிசனக் கூட்டம் முடிந்ததும் வருவதாகச் சொன்னவர். ஃபோனை யாரும் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை முட்டை இல்லாமல் செய்திருந்தேன்.

2 ஜனவரி 2008, புதன்

சாரின் மருமகள் நித்யஸ்ரீ ஃபோனை எடுத்தாள். பக்கவாதம்.

12 ஜனவரி, சனி. சிதம்பரம் போய் வந்தேன்

வடக்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில் வீடு. நித்யஸ்ரீ காபி கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். உள்ளே விடவில்லை.

"மாமா யாரையும் பாக்குற நெலமைல இல்ல டீச்சர். வலது பக்கம் வரல, பேச்சும் போயிடுச்சி. சொந்தக்காரங்க வந்து போறாங்க. நீங்க யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நியாயமான கேள்வி. 

உள்ளேயிருந்து கலகலவென்று மணிச்சத்தம். "தண்ணி கேக்குறாரு. கூப்புடறதுக்குப் பூஜ மணிய குடுத்துருக்கோம்" என்று எழுந்து போனாள். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

19 ஜனவரி, சனி

அவருடைய சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தேன்.

2 பிப்ரவரி, சனி

விடியும்போது கிளம்பி என் சைக்கிளிலேயே சிதம்பரம் போனேன். இந்த வயதில் முட்டாள்தனம். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று தள்ளியது, இறங்கி நடந்தேன்.

அந்தச் சந்துக்குள் திரும்பும் இடத்தில் நின்றேன். ஒற்றை மணி அடித்தேன்.

எதுவும் இல்லை. ஒரு காய்கறி வண்டி போயிற்று. நான் யார், இங்கே என்ன செய்கிறேன்?

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு மணி. ஒன்றே ஒன்று. தண்ணீருக்கு அல்ல.

சைக்கிளை பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். இனி அது அங்கேயே இருக்கும், சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து எடுத்துக்கொள்வேன். அவர் சைக்கிள் என் வீட்டில், என்னுடையது அவர் ஊரில். ஒன்று மட்டும் புரியவில்லை. இப்போது எங்களில் முன்னால் போகிறவர் யார்?

9 பிப்ரவரி, சனி

அடித்தேன். அடித்தார்.

1 மார்ச், சனி

அடித்தேன். அடித்தார். லோகநாயகி கேட்கிறாள், வாராவாரம் சிதம்பரத்தில் என்ன வேலை என்று. பல் வைத்தியர் என்றேன். இந்தப் பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

15 மார்ச், சனி

நித்யஸ்ரீ ஜன்னலைத் திறந்தாள். "என்னா டீச்சர், நீங்க என்ன ஐஸ் வண்டியா? சனிக்கெழம ஆனா மணி அடிச்சினு நிக்கிறீங்க!" எனக்கு முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டாள் போலும். குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி மட்டும் மாமா ஒழுங்கா சாப்புடுறாரு" என்றாள்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

20 மார்ச், பெரிய வியாழன்

கோயிலில் மணிகள் நின்றுவிட்டன. இனி சனி இரவுப் பாஸ்கா பூசை வரை மரக் கட்டைச் சத்தம்தான். ஆண்டவர் கல்லறையில் இருக்கும்போது நாங்கள் மணி அடிப்பதில்லை. என் பள்ளியில் வகுப்பு மணியைக்கூட அடிக்க மாட்டார்கள். எனவே பெரிய சனிக்கிழமை நான் சிதம்பரம் போகப்போவதில்லை. ஒரு வாரம்தானே. சாருக்குப் புரியும்.

22 மார்ச், பெரிய சனி

போகவில்லை. ஜன்னல் திரைகளைத் துவைத்தேன்.

23 மார்ச், ஞாயிறு. ஆண்டவர் உயிர்த்த திருநாள்

பூசை முடிந்து வந்ததும் ஃபோன். நித்யஸ்ரீ அழுதுகொண்டே பேசினாள்.

"நேத்து காலையிலேர்ந்து ஒத்த மணியா அடிச்சினே இருந்தாரு டீச்சர். அடிக்கிறது, காத கொடுத்துக் கேக்குறது, மறுபடி அடிக்கிறது. தண்ணி குடுத்தா தள்ளி உட்டுட்டாரு. நான் சமையக்கட்டுல இருந்தேன். எப்பிடித்தான் எழுந்தாரோ, வாசப்படிகிட்ட கெடந்தாரு. இடுப்பு எலும்பு ஒடஞ்சிடுச்சி. இனிமே நீங்க வர வேணாம் டீச்சர். அவுங்க சொல்லச் சொன்னாங்க." அவுங்க என்றது மகன் நடேஷை.

சரி என்றேன். வைத்துவிட்டேன்.

சாருக்குப் புரியும் என்று எழுதியிருக்கிறேன், மூன்று நாள் முன்னால், இந்தக் கையால். எப்படிப் புரியும்? அவருக்குப் பெரிய சனி என்ன தெரியும்? அவருக்கு அது சனிக்கிழமை. அவ்வளவுதான்.

மணி வரலன்னா திரும்பி வரணும்னு நான்தானே சொன்னேன். வந்துட்டார். நடக்க முடியாத மனுஷன் எனக்காக எழுந்து திரும்பி வந்துட்டார். ஐயோ சார், ஏன் இவ்வளவு வேகமா வந்தீங்க…

29 மார்ச், சனி

போகவில்லை. சரி என்று சொல்லியிருக்கிறேன்.

5 ஏப்ரல், சனி

இன்று தபாலில் சேர்த்ததன் நகல்:

அன்புள்ள நித்யஸ்ரீக்கு,

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டதாக அறிந்தேன். உன் மேலோ நடேஷ் மேலோ எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீங்கள் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள்.

நான் யார் என்று நீ கேட்டாய். அவரோடு சைக்கிள் ஓட்டியவள். உறவினர்கள் கேட்டால் அப்படியே சொல்லலாம்.

வீட்டுக்குள் வர அனுமதி கேட்கவில்லை. நான் வளைவுக்குப் பின்னால் எங்கேயோ விழுந்து கிடப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நான் விழவில்லை, பின்னால் வந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை மறுபடியும் எழப் பார்ப்பார். அதற்காக, ஒரு சனிக்கிழமை மட்டும் உங்கள் சந்து முனையில் நின்று ஒரே ஒரு முறை மணி அடிக்கிறேன். அவரிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அந்த நேரத்தில் நீ அவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

அடிக்கலாமா, கூடாதா? ஃபோனில் சொல்ல வேண்டாம். ஃபோனில் நான் சரி என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.

சவரிமேரி