விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

செல்ல மகள் மோனிகாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நான் நலம், உன் நைனா நலம், அவருடைய குறட்டை அதைவிட நலம். ஜார்க்கண்டில் உனக்கு வேளாவேளைக்குச் சோறு இறங்குகிறதா?

போனில் நான் வாயைத் திறந்தாலே நீ அழுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது பார். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணும் தண்ணீரும் தேறியிருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், அந்த ஊர் அக்கா ஒருத்தி, நீ சோதனைக்குத் தண்ணீர் பிடித்த பாட்டிலைத் தட்டிவிட்டு, வருசா வருசம் தண்ணி புடிச்சிக்கினு போறீங்களே, ஒருத்தராவது திரும்பி வந்து இன்னா ஆச்சுன்னு சொன்னீங்களா என்று கத்தினாளாம், நீ படிப்பே வேண்டாம், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்கிறாய். வா, வேண்டாம் என்பேனா, உன் கட்டிலில் நைனா குவித்து வைத்த துணியை மட்டும் நீயே மடித்துக்கொள். ஆனால் இதைக் கேட்டுவிட்டு வா.

போன மாசம் நம் தெரு போர்வெல் தண்ணீரைச் சோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். அந்தத் தண்ணீரில் குடமே மஞ்சளாகிறது, உனக்குத்தான் தெரியுமே. அவர்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை, கொஞ்சம் தண்ணி குடும்மா என்று பாட்டிலை நீட்டினார்கள். வெயிலில் வந்த பிள்ளைகள், தாகம் போல என்று நினைத்தேன். வீடு தேடி வந்தவர்களுக்கு மஞ்சள் தண்ணீரையா கொடுப்பேன்? கேன் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து, கேட்ட இடத்தில் பெருமையாகக் கையெழுத்தும் போட்டேன். புதுக் குழாய் எப்போது வரும் என்று ஆபீசில் விசாரிக்கப் போன பக்கத்து வீட்டு அருணாவிடம், உங்கள் தெரு தண்ணீர் சுத்தம், குழாய் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெருவே அவர்களைத் திட்டியது, கூடச் சேர்ந்து நானும் திட்டினேன். இரண்டு நாள் பொறுத்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்னாக்கா, டெஸ்ட்டுக்கு வந்தவன விருந்தாளின்னு நெனச்சிக்கினியா என்று அருணா தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை மோர் ஊத்திக் குடுக்கல என்றார் உன் நைனா, அதற்கப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி வந்து போரிலேயே பிடிக்கச் சொல்லி நேற்று நானே மனு கொடுத்தேன். வருவார்களா, தெரியாது.

அதனால் சொல்கிறேன், அந்த அக்கா மேல் கோபப்படாதே. என்னை மாதிரி சிரித்துக்கொண்டே பொய்த் தண்ணீரைக் கொடுக்காமல் மனசில் இருந்ததைச் சொன்னாளே, அவள் கெட்டிக்காரி. நீயே சுரங்கப் பள்ளத்தில் இறங்கித் தண்ணீரைப் பிடி, ரப்பர் ஷூவைக் கழற்றாதே. நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் நீயே அவள் வாசலுக்குப் போய்ச் சொல். இந்தியில் பேச வராவிட்டால் கையைக் காட்டிச் சொல், சண்டைக்கு மட்டும்தான் உன் கை நீளுமா? சொன்ன பிறகும் வரத் தோன்றினால் ரயில் ஏறு, ஸ்டேஷனில் நிற்கிறேன்.

கர்த்தர் உன் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணைக் கெட்டியாக வைக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், இத்தனை கதை சொன்னாயே, அந்த அக்கா பெயரைச் சொல்லவேயில்லை. கேட்டு எழுது.

மூணாங் கிளாஸ் வரை போன உன் அம்மா,
ரோசம்மாள்,
கும்மிடிப்பூண்டி.