மன்னிப்பு எழுத வேண்டாம், லிடியா

திண்டுக்கல்,
14.9.2008

அன்பு மகள் லிடியாவுக்கு அப்பா சூசை எழுதுவது. மாதா துணையால் நானும் அம்மாவும் தம்பி ரோஷனும் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருக்கிறாய், ஆனால் மனசு சரியில்லை என்பது கையெழுத்திலேயே தெரிகிறது. போனில் பேசினால் உனக்குக் கேட்காதே, அதனால் சிறுமலை ட்ரிப் முடிந்து பஸ்ஸை டிப்போவில் விட்ட கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடிதத்தை ரோஷன்தான் எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினான். நாலு வருஷம் பாடுபட்டு, பனியன் துணியில் கரிப்பூச்சு ஏற்றி, கசக்கினாலும் கரண்ட்டைப் பிடித்துவைக்கிற, சட்டையோடு போட்டுக்கொள்கிற பேட்டரி செய்தது நீ. கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேச மட்டும் வேறொரு பையனாம், உன் பேச்சு யாருக்கும் புரியாது என்றாராம் உன் பேராசிரியர். நீ முந்திக்கொண்டு மேடையேறி, துணியை நாலாக மடித்துக் கசக்கிக் காட்டியும் அதில் எரிந்த விளக்கு அணையவில்லையாம். கேள்வி கேட்டவர்களைக் கிட்டே வரச்சொல்லி, உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னாயாம். இப்போது மன்னிப்பு எழுதிக் கொடு, இல்லையென்றால் ஆய்வகத்தை விட்டுப் போ என்கிறாராம். செய்தது தப்பா என்று என்னிடம் கேட்டிருக்கிறாய்.

தப்பே இல்லை. விஷயம் தெரிந்து உன் மாமா அருளப்பன் நேற்று நீ எழுதுவது போலவே இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதமே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். காது கேளாத நான் மேடையேறியது என் தவறு என்று அதில் இருந்ததை ரோஷன் தமிழில் சொன்னதும், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள். எம் மக பேசுனது தப்புன்னு இன்னொருக்கா சொன்னீகன்னா இந்த வாசப்படி மிதிக்காதீகண்ணே என்றாள். படிப்பே போயிருமே கிளாரா என்றார் மாமா. போகட்டும்ணே, அவ செஞ்சத அவதேன் சொல்லணும் என்றாள்.

ஆறாம் வகுப்பில் உன் சட்டைப்பையில் கனத்துக் கிடந்த காதுமெஷினில் வியர்வை பட்டுப் பட்டுப் பேட்டரி செத்துப்போகும். பாடம் கேட்கவில்லை என்று சொன்னதற்கு டீச்சர் உன்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். நீ அழுதுகொண்டு வந்தாய், நான் பேசாம இரும்மா என்றேன். போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. மறுபடியும் உன்னைப் பேசாமல் இரு என்று நான் சொல்ல மாட்டேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஆராய்ச்சி நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் உன் பெயரும் தேதியும் போட்டு வை, செய்தது நீ என்பதற்கு அதுதான் சாட்சி. மாதா உன்னைக் கைவிட மாட்டாள். மன்னிப்பு எழுதாதே, நீயாக வெளியேறவும் செய்யாதே. போகச் சொன்னால், எதற்காக என்று உன் பேராசிரியரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
ம. சூசை