கொம்புக்கு வாங்கிய பெயிண்ட்

தை 7, புதன்

கண்ணை மூடினால் வாளித் தண்ணீரில் வண்ணங்கள் சுழல்கின்றன. தூக்கம் வரவில்லை.

என் பழைய கிடாரின் கட்டையைச் சுரண்டி வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். தண்ணீர்மேல் எனாமல் பெயிண்டைச் சொட்டினால் படலமாக மிதக்கும். கட்டையை ஒரே முறை முக்கி எடுத்தால் அந்தச் சுழி அப்படியே ஒட்டிக்கொள்ளும். நிறங்கள்தான் முடிவாகவில்லை. மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் அடிக்க கோபாலபுரத்தில் வாங்கிய டப்பாக்கள் மிச்சம் இருந்தன. சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரில் அவற்றைச் சொட்டிப் பார்த்தேன். நீலம், மஞ்சள். அழகுதான், என்னவோ போதவில்லை.

பின்னால் அத்தை வந்து நின்றார். மாமா போனதிலிருந்து கொம்புக்கு வண்ணம் அடிக்கக் கூப்பிட்டாலும் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறவர்.

"அந்த ரோஸையும் ஊத்து, அம்மிணி."

"ரொம்பப் பளிச்சுன்னு இருக்குமுங்கத்தை."

"இருக்கட்டுமே. பளிச்சுன்னு இருந்தா ஆருக்கு என்ன?"

அவரே குச்சியை வாங்கிச் சொட்டினார். ரோஸ் நீலத்தை விலக்கிக்கொண்டு விரிந்தது. விரலால் மெல்லச் சுழற்றிவிட்டார். இருட்டும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கை துடைக்கத் தின்னர் கொடுத்தேன். நன்றாகத்தான் துடைத்தார். சோறு போடும்போது பார்த்தேன்: சுண்டுவிரல் நகத்தில் மட்டும் ரோஸ், ஓரம் பிசகாமல்.

காலையில் அத்தையின் நாத்தனார் வருகிறார். அவர் என்ன சொல்வாரோ என்று அத்தை விடியுமுன்னே எழுந்து அதை அழித்துவிடக்கூடும்.

தின்னர் பாட்டிலை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.