பாண்டியிடம் எடுக்காத ரத்தம்

ஆடி மாதம், செவ்வாய் இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் போனில் பேச, அது எழுதிக்கொள்கிறது.

என் மனைவி இளவயதிலேயே மாரடைப்பில் போனாள். மூத்த மகனுக்கும் இப்போது ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவன் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா இன்று கூப்பிட்டுச் சொன்னார்.

"ஜீன் நல்லாத்தான் இருக்கு தாத்தா. அதோட வேலையைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்ச் மாதிரி ஒரு இடத்துலதான் மாத்தம் இருக்கு. ரொம்ப அபூர்வம். பாட்டி வயித்துப் பிள்ளைக எல்லாரையும் பாத்தாத்தான் நெஞ்சு நோவுக்கு இதுதான் காரணமான்னு தெரியும். வேற பிள்ளைக உண்டா?"

"இல்லை" என்றேன். பக்கத்தில் பாண்டி நின்றான். எங்களுக்கு இரண்டாவதாகப் பிறந்தவன். பிள்ளையில்லாத என் தம்பிக்கு, வழக்கப்படி ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு தத்துக் கொடுத்தோம். அது அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் தம்பி மனைவியிடம் பேசினேன்.

"சொல்லிராதீக மாமா. சொன்னா நான் அவனுக்கு யாரு?"

"சொல்லாட்டி அவன் நெஞ்சுக்கு யாரு தாயி பொறுப்பு?"

அவள் அழுதாள்.

சற்றுமுன் பாண்டி போன் செய்தான். "மாத்திரை போட்டீகளா பெரியப்பா?"

"போட்டேன். நாளைக்கு நீயும் ரத்தம் குடுக்கணும்."

"நான் எதுக்கு? நான் என்ன பெரியம்மா பெத்த பிள்ளையா?" என்று சிரித்தான்.

"காலையில வா, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.